கோப்புறையை முதல் பாடமாக்குங்கள்: கணினி ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

பணியிடங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணினிப் பயிற்சி அளித்து வருகிறேன். உங்கள் வகுப்பறையைக் கடந்து வரும் பிள்ளைகள் அடுத்து வந்து அமர்வது என் முன்னால்தான். அவர்கள் விரைவாகத் தட்டச்சு செய்கிறார்கள். கைபேசியிலேயே காணொளியை வெட்டி, ஒட்டி, இசை சேர்த்துவிடுகிறார்கள். விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். "சற்றுமுன் சேமித்தீர்களே, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் கை நின்றுவிடுகிறது. "வேர்டில் இருக்கிறது" என்கிறார்கள். மறுபடியும் கேட்டால், "கணினியில்தான் இருக்கிறது" என்கிறார்கள்.

இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செயலியைத் திறந்தவுடன் அண்மையில் பயன்படுத்திய கோப்புகளின் பட்டியல் வருகிறது, தொட்டால் திறக்கிறது. நாள்தோறும் இப்படியே நடந்தால், கோப்பு அந்தச் செயலிக்குள்தான் குடியிருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். பட்டியலின் அடியில் இறங்கி இறங்கிக் கோப்பு கண்ணுக்கு மறையும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. அந்த இருப்பிடத்துக்குப் போக ஒரு பாதை உண்டு. அது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதை உருவாக்கியவரின் வேலை. இதைக் கணினிப் பாடத்தின் முதல் பாடமாக வையுங்கள். சொற்செயலிக்கும் முன்னால், படம் வரைவதற்கும் முன்னால், நிரலாக்கத்துக்கும் முன்னால்.

பாடத்திட்டத்தில் கோப்புறை ஏற்கெனவே இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. புதிய கோப்புறை உருவாக்குவது எப்படி, பெயர் மாற்றுவது எப்படி, அழிப்பது எப்படி என்று மூன்று செய்முறைகள். கூடவே ஓரிரு திரைப் படங்கள். மாணவர் தம் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்குகிறார், பெயரை மாற்றுகிறார், அழிக்கிறார். செய்முறை முடிந்தது. அந்தக் கோப்புறைக்குள் எதையும் வைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து எதையும் தேடி எடுக்கவில்லை. எதற்காக அது இருக்கிறது என்ற கேள்வியே எழாமல் பாடம் முடிந்துவிடுகிறது. சுட்டியை எங்கே அழுத்த வேண்டும் என்பது விரலுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று நான் பார்ப்பதைச் சொல்கிறேன். பென் டிரைவில் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னால், முகப்புத் திரையில் இருந்த குறுக்குவழிப் படத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வருகிறார்கள். வேறொரு கணினியில் அதை அழுத்தினால் எதுவும் திறப்பதில்லை. கோப்பு பழைய கணினியிலேயே இருக்கிறது. குறுக்குவழி என்பது ஒரு பாதையை எழுதி வைத்திருக்கும் சின்னக் குறிப்பு என்று தெரிந்திருந்தால் இது நேராது. இன்னொருவர் மின்னஞ்சலில் வந்த இணைப்பை அங்கிருந்தே திறந்து, மாலை வரை திருத்தி, சேமிப்புப் பொத்தானையும் மறக்காமல் அழுத்தி, மறுநாள் காலையில் அதே மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார். பழைய இணைப்புதான் இருக்கிறது. அவர் திருத்திய நகல் கணினியின் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் விழுந்திருக்கும். சில நேரம் அது துடைத்தெடுக்கப்பட்டும் போயிருக்கும். ஜிப் கோப்பைப் பிரித்தெடுக்காமல் உள்ளேயே திறந்து வேலை செய்பவர்களுக்கும் இதே கதிதான்.

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பை அதே வட்டின் வேறு கோப்புறைக்கு இழுத்தால் அது இடம் மாறுகிறது. பென் டிரைவுக்கு இழுத்தால் நகல் உருவாகிறது. ஒரே கை அசைவு, இரண்டு வேறு விளைவுகள். இதை யாரும் சொல்லித் தராததால் இரண்டு நகல்களையும் மாறி மாறித் திருத்தி, எதில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்று தெரியாமல் திகைப்பவர்களைப் பார்க்கிறேன். பென் டிரைவில் இருந்து அழிக்கும் கோப்பு வழக்கமாக மறுசுழற்சித் தொட்டிக்குப் போகாது, நேரடியாகவே போய்விடும் என்பதும் அழித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. இத்தனைக்கும் இவர்கள் அக்கறையற்றவர்கள் அல்லர். வேலை போய்விட்டது என்று தெரியும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கும் எனக்குத்தான் அந்த உழைப்பின் அருமை தெரியும்.

பிள்ளைகளில் பலர் முதலில் தொடும் கருவி கைபேசி. 2007-இல் ஐபோன் வந்தபோது, அதில் கோப்புகளைப் பார்வையிட ஒரு செயலியே கிடையாது. படம் என்றால் படச் செயலி, பாட்டு என்றால் பாட்டுச் செயலி. கோப்பு என்ற எண்ணமே பயனருக்குத் தேவையில்லை என்ற முடிவு அது. பத்தாண்டு கழித்து, 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 என்ற ஐபோன் இயங்குதளப் பதிப்பில்தான் ‘ஃபைல்ஸ்’ என்ற செயலி சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, கணினியில் கோப்புறைகளின் கிளை அமைப்பைப் பார்க்கும் வாய்ப்பே குறைந்துபோனது. 2021-இல் ‘தி வெர்ஜ்’ இணைய இதழ் இதைப் பற்றி விரிவாக எழுதியது: அறிவியல் பாடம் நடத்தும் கல்லூரி ஆசிரியர்கள், தம் மாணவர்களுக்குக் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்ற கேள்வியே புரியவில்லை என்று கண்டு வியந்தார்கள். அந்த மாணவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். யாரும் காட்டாத ஒன்றை அவர்கள் பார்க்கவில்லை.

கோப்புறை பழைய காலத்துச் சமாச்சாரம், இன்னும் சில ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். வரலாறு வேறு விதமாக இருக்கிறது, அதையும் பாடத்தில் சொல்லலாம். ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று கிளைவிடும் அமைப்பை, மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக டேலி, நியூமன் என்ற இருவர் 1965-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். பின்னால் வந்த யூனிக்ஸ் இயங்குதளம் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் தனியாள் கணினிகள் வந்தபோது அது முதலில் விடுபட்டுப் போனது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பில் உள்கோப்புறைகளே இல்லை. 160 கிலோபைட் நெகிழ்தட்டில் (ஃப்ளாப்பி) 64 கோப்புகளுக்குத்தான் இடம். ஒரே பட்டியலில் அவை அடங்கிவிட்டன. 1983-இல் 10 மெகாபைட் வன்தட்டோடு ஐபிஎம்மின் எக்ஸ்டி கணினி வந்தது. ஒரே பட்டியல் போதாது என்பது உடனே தெரிந்துவிட்டது. அதே ஆண்டில் வந்த டாஸ் 2.0 உள்கோப்புறைகளைக் கொண்டுவந்தது. மெக்கின்டாஷும் இதே பாதையில்தான் நடந்தது. 1984-இல் வந்த முதல் மெக்கில் கோப்புறைப் படங்கள் திரையில் தெரிந்தன, ஆனால் வட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே தட்டையான பட்டியலாகவே கிடந்தன. அடுத்த ஆண்டே, வன்தட்டோடு சேர்த்து, உண்மையான கிளை அமைப்பு வந்துசேர்ந்தது.

பிறகும் அதைத் தாண்டிப் போக முயற்சிகள் நடந்தன. கோப்புகளை ஒரு தரவுத்தளம் போல் வைத்து, பண்புகளைக் கொண்டே எதையும் எடுக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் 2003-இல் வின்எஃப்எஸ் என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தியது, 2006-இல் கைவிட்டது. ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பல கோப்புறைகளில் வைக்கும் வசதியைக் கூகுள் டிரைவ் பல ஆண்டுகள் தந்தது. 2020 செப்டம்பர் இறுதியோடு புதிதாக அப்படி வைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கோப்புக்கு ஓர் இடம், மற்ற இடங்களில் குறுக்குவழி என்று மாற்றிக்கொண்டது. சேமிக்கும் பொருள் பெருகப் பெருக, இடம் என்ற ஒன்று மனிதர்களுக்குத் தேவைப்படுகிறது. கோப்புறை இல்லாமல் தொடங்கிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

தேடல் இருக்கும்போது இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், நானும் நாள்தோறும் தேடுகிறேன். பெயர் நினைவிருக்கும் கோப்பை, அதிலுள்ள ஒரு சொல் நினைவிருக்கும் கோப்பைத் தேடல் நொடியில் தருகிறது. ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருந்தால்தான் தேட முடியும். ஆறு மாதம் முன்பு நடந்த ஒரு வேலையில் என்னென்ன இருந்தன என்று பார்க்க வேண்டுமானால், எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வது? ஒப்பந்தம், அதன் திருத்தம், அதற்கு வந்த பதில், கையெழுத்திட்ட பக்கத்தின் படம், பணம் செலுத்திய சான்று ஆகியவை வேறு வேறு பெயர்களில், வேறு வேறு வடிவங்களில் இருக்கும். அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது அவை இருக்கும் இடம் ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. இல்லாத ஒன்றைத் தேடல் காட்டாது. ஓராண்டின் மாதக் கணக்குகள் ஒரு கோப்புறையில் வரிசையாக இருந்தால், திறந்த மாத்திரத்தில் பதினொன்றுதான் இருக்கின்றன, ஜூலையைக் காணவில்லை என்று கண்ணுக்குப் படுகிறது. தேடல் பெட்டியில் ‘கணக்கு’ என்று தட்டினால், கிடைத்தவை வரும். கிடைக்காத ஜூலை அங்கே ஒரு வெற்றிடமாகத் தோன்றாது. பல அலுவலகங்களில் விடுபடல்கள் தணிக்கை நாள் வரை தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒழுங்காக வைக்கப்பட்ட கோப்புறை தன் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஓஃபர் பெர்க்மனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் தேடல் எவ்வளவோ மேம்பட்ட பிறகும் மக்கள் தம் சொந்தக் கோப்புகளுக்குக் கோப்புறை வழியாகவே போக விரும்புகிறார்கள் என்றும், இடம் நினைவில்லாதபோது கடைசி வழியாகவே தேடலை நாடுகிறார்கள் என்றும் கண்டார்கள். அதே குழுவைச் சேர்ந்தோர் 2015-இல் மூளைப் படப் பிடிப்பு முறையில் இன்னொரு ஆய்வு செய்தார்கள். கோப்புறைகளுக்குள் வழி கண்டுபோகும்போது, உண்மையான இடங்களில் வழி கண்டு நடக்கும்போது இயங்கும் அதே மூளைப் பகுதிகள் இயங்கின. தேடும்போது மொழியைக் கையாளும் பகுதிகள் இயங்கின. ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டே இன்னொரு கோப்பை எடுக்கப் போகிறவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல. வாக்கியத்தை மனத்தில் ஏந்திக்கொண்டே கால் பழகிய வழியில் போய் வரலாம்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு இப்போது வந்திருக்கிறது. அந்தக் கருவிகளுக்கும் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று நாம்தான் எல்லை வகுத்துக் கொடுக்க வேண்டும். அந்த எல்லையைப் பெரும்பாலும் கோப்புறையைக் கொண்டே வகுக்கிறோம். மருத்துவ அறிக்கையும் கல்லூரிக் கட்டுரையும் அடையாள அட்டையின் படமும் ஒரே பதிவிறக்கக் கோப்புறையில் கலந்து கிடந்தால், அந்தக் கருவிக்கு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், அல்லது எதையும் தரக் கூடாது. பகிர்வதும் அப்படித்தான். பொது இணைப்பு ஒன்றை அனுப்பி, ஒரு கோப்பைக் காட்ட நினைத்து மொத்தக் கோப்புறையையும் காட்டிவிடுபவர்கள் உண்டு.

சரி, எப்படிக் கற்பிப்பது? முதலில், வகை பிரித்து அடுக்கச் சொல்லும் பயிற்சியை விட்டுவிடுங்கள். படங்கள் ஒரு கோப்புறை, ஆவணங்கள் ஒன்று, காணொளிகள் ஒன்று என்ற அந்தப் பயிற்சி எங்கும் இருக்கிறது, அது தவறான பழக்கத்தை விதைக்கிறது. கோப்பு எந்த வகை என்பதைக் கணினியே அறியும். ஒரே சொடுக்கில் வகைவாரியாக வரிசைப்படுத்தியும் கொடுக்கும். அதற்குத் தெரியாதது, எது எதனோடு சேர்ந்தது என்பது. அறிவியல் கண்காட்சிக்காக எடுத்த படமும், எழுதிய அறிக்கையும், அளவுகள் குறித்த விரிதாளும் வெவ்வேறு வகைக் கோப்புகள்; ஆனால் அவை ஒரே வேலைக்குரியவை. வேலைவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மேல்மட்டத்தில் சில பெரிய பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே அந்தந்த வேலை, தேவைப்பட்டால் அதற்குள் ஆண்டு. மூன்று நான்கு மட்டங்களுக்கு மேல் போகும்போது வழி மறந்துபோகிறது. விண்டோஸில் பழைய செயலிகள் பலவற்றுக்கு முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்துகள்தான் வரம்பு என்பதும் ஆழத்தைக் குறைக்க ஒரு காரணம். அதைத் தாண்டினால் கோப்பு திறக்க மறுக்கும், நகலெடுக்கவும் மறுக்கும்.

இடம் முடிவாகாத கோப்புகளுக்கு ஒரு கோப்புறை இருக்கட்டும், அதை வாரம் ஒருமுறை காலி செய்யப் பழக்குங்கள். முகப்புத் திரையும் ஒரு கோப்புறைதான், பதிவிறக்கங்களும் ஒரு கோப்புறைதான் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள். முகப்புத் திரையை ஒரு கோப்புறைச் சாளரமாகத் திறந்து காட்டினால் வகுப்பே வியந்து பார்க்கும்.

நகர்த்துவதன் உள்வேலையைக் காட்ட ஓர் எளிய சோதனை இருக்கிறது. பெரிய காணொளிக் கோப்பு ஒன்றை ஒரு கோப்புறையில் இருந்து அதே வட்டின் இன்னொரு கோப்புறைக்கு நகர்த்துங்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதையே பென் டிரைவுக்கு நகர்த்துங்கள். நேரம் எடுத்துக்கொள்ளும். ஏன் இப்படி என்று கேளுங்கள். ஒரே வட்டுக்குள் நகர்த்தும்போது கோப்பின் உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது எந்தக் கோப்புறைக்கு உரியது என்ற பதிவு மட்டும் மாறுகிறது. வேறு வட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பைட்டும் அங்கே எழுதப்பட்டு, பிறகு இங்கே அழிக்கப்படுகிறது. கோப்புறை என்பது ஒரு பட்டியல் என்பதை இந்தச் சோதனை அரை நிமிடத்தில் விளங்க வைத்துவிடும். பாதை, குறுக்குவழி, நகல் ஆகியவற்றைப் பிறகு விளக்குவது எளிது.

பெயரிடுவதற்கு ஒரு முழு வகுப்பையும் ஒதுக்குங்கள். பெயரில்தான் பாதி ஒழுங்கு இருக்கிறது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரின் முதலிலேயே எழுதினால், அகர வரிசையே கால வரிசையாகிவிடுகிறது: 2024-03-15, 2024-07-02, 2025-01-10. 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தரநிலை சொல்வதும் இந்த வரிசையைத்தான். மாதப் பெயரை எழுத்தில் எழுதினால் அக்டோபரும் ஆகஸ்டும் ஏப்ரலும் முன்னால் வந்து நிற்கும், ஜனவரி எங்கோ பின்னால் போய்விடும். எண்களையும் 01, 02 என்று எழுதப் பழக்குங்கள். சில கருவிகளில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்துவிடும். ‘புதியது’, ‘கடைசி’ போன்ற சொற்களைப் பெயரில் சேர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நாளை இன்னொன்று புதியதாகும். தேதி பொய் சொல்லாது.

தமிழில் பெயரிடத் தயங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினிக் குறிகள் வகுக்கும் யூனிகோடு தரநிலையின் 1991-இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இன்றைய இயங்குதளங்கள் எல்லாம் தமிழ்ப் பெயரை ஏற்கின்றன. இரண்டு நுட்பங்கள் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் கணினிகளில் கோப்புப் பெயரின் வரம்பு 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடுச் சேமிப்பு முறையில் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். அதனால் சுமார் 85 குறிகளோடு பெயர் நின்றுவிடும். விண்டோஸில் வைத்த நீளமான தமிழ்ப் பெயர் வேறு கணினிக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான். இரண்டாவது, ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பல இயங்குதளங்களுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருப்பதைக் கண்டு குழம்பியவர்களுக்கு இதுதான் விளக்கம்.

தமிழர்களான நமக்குக் கோப்புறை இன்னும் ஒரு காரணத்துக்காகத் தேவை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய குறிகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்டவை. தேடல் பெட்டியில் யூனிகோடுத் தமிழில் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அந்த ஆவணங்களுக்குள் அது அகப்படாது. ஒளிவருடிய பக்கங்களின் படங்களிலும், படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரியை ஓட்டாதவரை, எதையும் தேட முடியாது. அந்தக் கோப்புகளின் பெயரும் அவை இருக்கும் கோப்புறையும் மட்டுமே நமக்கு வழிகாட்டும். யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் பொறுப்போடு பெயரிட்டு அடுக்கி வைத்ததால் இன்று படிக்கக் கிடைக்கும் தமிழ் எழுத்துகள் எத்தனையோ. அந்த ஒருவராக நம் மாணவர்களும் ஆக வேண்டும் என்பது என் ஆசை.

கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வந்து கோப்பின் வகையைச் சொல்லும் நீட்டிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ், தான் அறிந்த வகைகளின் நீட்டிப்பை இயல்பாக மறைத்துவிடுகிறது. ஆய்வகக் கணினிகளில் அதைத் தெரியும்படி மாற்றி வையுங்கள். 2000 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், சாதாரண எழுத்துக் கோப்பு போல் தோன்றும் பெயருக்குப் பின்னால் ஒரு நிரல் நீட்டிப்பை ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பகுதி மறைந்திருந்ததால் கடிதம் என்று நம்பித் திறந்தவர்கள் ஏராளம். மாணவர் தம் கண்ணால் முழுப் பெயரையும் படிக்கட்டும்.

காப்புப் பிரதியும் கோப்புறையோடு சேர்ந்த பாடமே. ஒழுங்கான ஒரே மேல் கோப்புறைக்குள் எல்லாம் இருந்தால், அதை ஒரே இழுப்பில் நகலெடுக்கலாம். பத்து இடங்களில் சிதறிக் கிடந்தால் யாரும் எடுப்பதில்லை. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பகங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்ற நெறியை மாணவர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்கலாம். மேகச் சேமிப்போடு ஒத்திசைவதைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே அழித்தால் அந்த அழிப்பும் ஒத்திசைந்து அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் சில நாள் இருக்கும், பிறகு இருக்காது.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தேர்வில் இல்லாத எதையும் வகுப்பறை நெடுநாள் நினைவில் வைத்திருப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ‘கோப்புறை என்றால் என்ன?’ என்ற வினாவை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவருக்கும் கலைந்து கிடக்கும் அறுபது கோப்புகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொடுங்கள். ஒரு கற்பனைச் சங்கத்தின் ஓராண்டுக் கோப்புகள் என்று வைத்துக்கொள்ளலாம்: கூட்டக் குறிப்புகள், வரவு செலவு, நிகழ்ச்சிப் படங்கள், அழைப்பிதழின் மூன்று வரைவுகள், எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட படங்கள், ஒரே கோப்பின் இரண்டு நகல்கள். முதல் மணி நேரத்தில் அவற்றைத் திறந்து பார்த்து, பெயரிட்டு, அடுக்கட்டும். இரண்டாம் பகுதியில் இடம் மாறி அமரட்டும். இன்னொருவர் அடுக்கிய தொகுப்பில், தேடல் பெட்டியைத் தொடாமல், ஆசிரியர் சொல்லும் ஐந்து கோப்புகளை எடுத்துக் காட்ட வேண்டும். எந்த மாதத்தின் கணக்கு விடுபட்டிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அடுக்கியவருக்குப் பாதி மதிப்பெண், அவர் அடுக்கியதில் இன்னொருவர் எளிதாக எடுத்தாரா என்பதை வைத்து மீதி.

இந்தத் தேர்வில் ஒரே சரியான விடை கிடையாது என்பதால் மதிப்பிடுவது கடினம் என்று உங்களில் சிலர் தயங்கக்கூடும். ஆண்டுவாரியாகப் பிரித்தவரும் நிகழ்ச்சிவாரியாகப் பிரித்தவரும் இருவருமே முழு மதிப்பெண் பெறலாம். எடுக்க வந்தவர் எடுத்தாரா என்பதே அளவுகோல். தமக்கு மட்டும் புரியும்படி அடுக்குவதற்கும் பிறருக்குப் புரியும்படி அடுக்குவதற்கும் உள்ள தூரத்தை மாணவர் அந்த ஒரு மணி நேரத்தில் உணர்ந்துவிடுவார். வேலையில் சேர்ந்தபின் அவர் கையாளப்போகும் கோப்புகளில் பெரும்பாலானவை பிறரோடு பகிர்ந்தவை. அவர் விடுப்பில் போகும் நாளிலும், வேறு வேலைக்குப் போன பிறகும், அடுத்தவர் அவற்றைத் திறந்து வேலையைத் தொடர வேண்டும்.

கணினி ஆய்வகம் இல்லாத பள்ளிகளுக்கும் இது எட்டாத பாடமல்ல. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோனிலும் இன்று கோப்புச் செயலி இருக்கிறது. செய்திச் செயலி வழியாக வந்த ஓர் ஆவணம் கைபேசியின் எந்தக் கோப்புறையில் போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அதற்குப் பெயர் வைத்து, உரிய இடத்துக்கு நகர்த்தச் சொன்னால் போதும். பாதி பாடம் முடிந்தது.

பாடத்திட்டக் குழு அடுத்த முறை கூடும்போது, முதல் இரண்டு வாரங்களை இதற்கு ஒதுக்கும் முன்மொழிவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்க விரும்பாத ஆசிரியர்கள், தம் வகுப்பில் மேலே சொன்ன தேர்வை ஒரு முறை நடத்திப் பார்க்கலாம். அறுபது கோப்புகள் கொண்ட மாதிரித் தொகுப்பை உருவாக்குவதில் உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் மாணவர்கள் அதை எப்படியெல்லாம் அடுக்கினார்கள் என்று அறிய ஆவலோடும் இருக்கிறேன்.

அன்புடன்,
பணியிடக் கணினிப் பயிற்றுநர் ஒருவர்